மரத்தளத்தின் மேல் நின்ற தண்ணீர்

அரசுக் கட்டடங்கள் கட்டும் துறையில் நான் இருந்தவரை பயம் என்பது தணிக்கைக் குழுவோடு வரும்; அவர்களுக்கு மதியச் சாப்பாடு போட்டு அனுப்பியதும் அவர்களோடு போய்விடும். ஓய்வு பெற்ற பிறகுதான் போகாத பயம் ஒன்று வீட்டுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவள் என் மகள்.

அவள் கட்டமைப்புப் பொறியாளர். சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. அரியலூருக்கு வெளியே ஓர் அறக்கட்டளை நடத்தும் அருங்காட்சியகத்துக்கு ஆவணக் காப்பகம் கட்டும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. பழைய நில வரைபடங்கள், பத்திரங்கள், ஓலைகள், இந்தப் பக்கத்து மண்ணில் தோண்டியெடுத்த கடல் பிராணிகளின் கல்படிவங்கள் எல்லாவற்றையும் வைக்க ஒரு மாடிக் கட்டடம். அதை மரத்தில் கட்டப்போவதாகச் சொன்னாள்.

“மரக்கதவா?” என்றேன்.

“மரக்கட்டடம்ப்பா. தூணு, சுவரு, தளம் எல்லாமே.”

அரியலூரில். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி முன்னால் போனால் பின்னால் வருபவன் தலை நரைத்துவிடும் ஊரில். சிமெண்ட் ஆலைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு மரத்தில் கட்டுவதற்கு ஒன்று பெரிய படிப்பு வேண்டும், அல்லது வேலையை விட்டுவிடும் எண்ணம் வேண்டும். அவளிடம் படிப்பு இருந்தது.

கட்டடத்துக்கென்றே வளர்த்த மரங்களைப் பலகையாக அறுத்து, ஒரு வரிசையை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலும் அடுக்கி, பசை போட்டு அழுத்தினால் சுவர் கனத்துக்கு ஒரே பாளம் கிடைக்கும். அதைத் தொழிற்சாலையிலேயே அளவுக்கு வெட்டிக் கொண்டுவந்து இங்கே நிறுத்திப் பூட்டிவிடுவார்கள். எடை குறைவு, அதனால் மழைக்கு வீங்கி வெயிலுக்குப் பிளக்கும் எங்கள் கரிசல் மண்ணில் அஸ்திவாரத்துக்குச் சுமை குறைவு. சிமெண்ட் குறைந்தால் புகையும் குறைவு. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை மரம் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் திருப்பிக் கொடுக்கும். காகிதங்களுக்கு அது நல்லது. தீப்பிடித்தால்? கனமான பாளத்தில் வெளிப்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்ளே இருக்கும் மரத்தைக் காக்கும். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவர்களின் கோப்பை நான் இரண்டு முறை புரட்டிப் பார்ப்பேன்.

ஒரு தாலுகா ஆபீஸ் பதிவறையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த காகிதங்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். மேலே முத்திரையெல்லாம் தெளிவாக இருந்தது. விரலை வைத்ததும் கை முழுதும் உள்ளே போனது. கரையான் தின்று முடித்திருந்தது. அன்று முதல் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் நான் நம்பும் மரம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் கல்மரம் ஒன்றுதான். கோடிக்கணக்கான வருடமாகப் படுத்த இடத்தில் படுத்திருக்கிறது, இடமாறுதல் கேட்டதில்லை.

ஆனால் கரையானைவிடப் பெரிய பயம் நடைமுறை தொடர்பானது. ஒரு கட்டடத்தில் தவறு நடந்தால் விசாரணை மேலே தொடங்கிக் கீழே இறங்கும். ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் நின்று, ‘எனது கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு, கடைசியில் யார் கையெழுத்து இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். இந்தத் தளம் இவ்வளவு எடை தாங்கும் என்ற சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது என் மகள். அவள் தனிப் பொறுப்பில் போடப்போகும் முதல் கையெழுத்து. மேலே ஆயிரக்கணக்கான காகிதக் கட்டுகளும் கல்லும். கீழே மேசை போட்டு ஆட்கள் உட்கார்ந்து படிப்பார்கள்.

பெரம்பலூரில் எங்கள் வீட்டில் தங்கி அவள் தினமும் அரியலூர் போய்வந்தாள். நானும் கூடப் போனேன். ஓய்வு பெற்ற செயற்பொறியாளரை வேலைத்தளத்தில் யாரும் அழைப்பதில்லை, விரட்டுவதும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு விட்டுவிடுவார்கள்.

கான்கிரீட் வேலைக்கு இருந்த மேஸ்திரி வேப்பந்தட்டைப் பக்கத்துக்காரர். என் காலத்தில் எனக்கு இரண்டு பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தவர். இரண்டும் இன்னும் நிற்கின்றன. எங்கள் துறையில் இதற்கு மேல் ஒருவரைப் புகழ முடியாது. அஸ்திவாரம் முடிந்து மரப்பாளங்கள் வந்து இறங்கியபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு என் நாற்காலிப் பக்கம் வந்து நின்றார்.

“சார், இது பெரிய சைஸ் பிளைவுட்டு சார். உங்க வூட்டுப் பாப்பா வேலையெல்லாம் கட்டில் கடைக்காரனுக்குக் குடுத்துட்டு நம்மள வேடிக்க பாக்க வச்சிருச்சு.”

கிரேன் பக்கத்திலிருந்து மகள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “கட்டில் ரெடியானதும் மொதல்ல நீங்கதாண்ணே படுக்கணும்.”

“நான் படுத்துருவேன். கட்டில் எந்திரிக்குமான்னு பாத்துக்க!”

மார்கழிக் கடைசியில் அவருக்கு வேலை வந்தது. மாடித் தளம் மரப்பாளம்தான் என்றாலும், தண்டவாளத்தில் நகரும் கனமான அலமாரிகள் வரப்போவதால், அதன் மேல் நாலு விரல் கனத்துக்கு ஒரு கான்கிரீட் போர்வை வேண்டும். மரமும் கான்கிரீட்டும் ஒன்றாக எடை சுமக்க, நூற்றுக்கணக்கான நீள ஸ்க்ரூக்களைப் பாதி மரத்திலும் பாதி வெளியிலுமாகச் சாய்வாக இறக்கியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஈரம் இறங்காமல் இருக்க ஒரு மெல்லிய தாள். அந்தத் தாளை ஒவ்வொரு ஸ்க்ரூவும் துளைத்துக்கொண்டுதான் நின்றது. அதைப் பார்த்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. என் அபிப்பிராயத்தை நான் சொல்லவும் சொன்னேன். நாற்காலியில் இருப்பவர்களின் அபிப்பிராயத்துக்கு என்ன நடக்குமோ அது நடந்தது.

கான்கிரீட் போட்டு முடித்த மாலையில் அவள் தளம் முழுக்க பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஓரங்களில் கல் வைத்தாள்.

“மேஸ்திரிண்ணே, இதுல இருக்குற தண்ணியே இதுக்குப் போதும். மேல ஒரு சொட்டு ஊத்தக் கூடாது.”

“சரிம்மா.”

கட்டட வேலையில் ‘சரிம்மா’ என்பது சம்மதம் அல்ல. காது கேட்கிறது என்பதற்கு அத்தாட்சி.

மறுநாள் அவள் அடுத்த பாளங்களைத் துறைமுகத்திலிருந்து எடுப்பதற்காகச் சென்னை போனாள். பொங்கல் விடுமுறை வந்தது. வாடைக்காற்று பலமாக இருந்தது. விரிப்பு பறந்திருக்குமோ என்ற நினைப்பு பொங்கலைச் சாப்பிட விடவில்லை. காணும் பொங்கல் அன்று காலையில், உறவினர்கள் வரும் நேரத்தில், மனைவியின் பார்வையை முதுகில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

விரிப்பு பறந்திருக்கவில்லை. மடித்து, கயிறு போட்டுக் கட்டி, ஒழுங்காக ஒரு மூலையில் வைக்கப்பட்டிருந்தது. படியேறி மாடிக்குப் போனேன். தளம் முழுக்க வானம் தெரிந்தது. சிமெண்ட் கலவையில் சின்னச் சின்ன வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தியிருந்தது. ஒரு காக்கை நடுப் பாத்தியில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. அந்தக் கணத்தில் என் முப்பது வருடப் பழக்கம் முழு மதிப்பெண் போட்டது: ஒரு வரப்புகூட ஒழுகவில்லை. அடுத்த கணத்தில் கீழே இருப்பது மரம் என்பது நினைவுக்கு வந்தது. கைப்பிடிக்காக மரச்சுவரைத் தொட்டேன். அதையும் நம்ப முடியாமல் கையை எடுத்துக்கொண்டேன்.

மேஸ்திரி ரப்பர் குழாயும் கையுமாக வந்தார்.

“வாங்க சார்! என்ன, எழவு வூட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?”

“பொண்ணு என்ன சொல்லிட்டுப் போச்சு மேஸ்திரி?”

“சொல்லிச்சு சார். படிச்ச புள்ள. ஆனா கான்கிரீட்டு படிக்கலையே சார். அதுக்குத் தெரிஞ்சது தண்ணி ஒண்ணுதான். பச்சக் கொழந்தைய பால் குடுக்காம போத்திப் போட்ட மாதிரி இருந்துச்சு, மனசு கேக்கல. பொங்கலன்னிக்குக்கூட வந்து ஊத்தினேன். ஒரு வெடிப்பு காட்டுங்க பாப்போம்!”

“இதுக்கு அடியில என்ன இருக்கு?”

“பலகை.”

“பலகைக்குத் தண்ணி ஊத்துவீங்களா?”

“சென்ட்ரிங் பலகை நனையத்தான சார் செய்யும்?”

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். அவர் வாழ்நாளில் கான்கிரீட்டுக்கு அடியில் இருந்த மரமெல்லாம் முட்டுக் கொடுத்த பலகைதான். நனையும், வேலை முடிந்ததும் தட்டிப் பிரித்து லாரியில் ஏறிப் போய்விடும். இந்த மரம் போகாது, இதுதான் கட்டடம் என்பதை அவர் காது கேட்டிருந்தது, கை கேட்கவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் அவர் காலடியில் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் போய்க் குழாயை மூடினேன்.

வரப்பை வெட்டித் தண்ணீரை வெளியே விடப்போனார். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனாலும் எதற்கும் மேலிடத்தைக் கேட்கும் பழக்கம் கைகொடுத்தது. மகளுக்குப் போன் போட்டேன். துறைமுகச் சத்தத்துக்கு மேல் கத்தி நடந்ததைச் சொன்னேன்.

“அப்பா, வெளிய தள்ளாதீங்க. ஓரமா வழிஞ்சா கீழ இருக்குற சுவர்ப் பலகையோட வெட்டுமுனை குடிச்சிரும். அள்ளுங்க.”

“எதால?”

“கெடைக்கிறதால.”

காணும் பொங்கலன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓய்வு பெற்ற செயற்பொறியாளரும் மேஸ்திரியும் பெயிண்ட் டப்பாவால் தண்ணீர் அள்ளினோம். கடைசி ஈரத்தைக் கோணிச்சாக்கால் ஒற்றிப் பிழிந்தோம். சாலையில் கரும்போடு போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

மகள் வந்ததும் நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனாள். ஈரம் அளக்கும் கருவியின் இரண்டு ஊசிகளை தலைக்கு மேல் தெரியும் தளத்தின் அடிமரத்தில் ஒவ்வோர் இடமாகக் குத்திப் பார்த்தாள். எல்லா இடமும் காய்ந்திருந்தது. மேஸ்திரி மூச்சு விட்டார். “நான்தான் சொன்னேன்ல சார், தாளு இருக்குன்னு.” அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கூரை ஒழுக்குகளோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியவன் நான். தண்ணீர் இறங்கிய இடத்தில் ஒருபோதும் தன்னைக் காட்டாது. அவளும் கீழே பார்த்ததை நம்பவில்லை. மேலே ஏறி, பாத்தி ஆழமாக இருந்த நடுப்பகுதியில் ஒரு வட்டத்தை வெட்டி எடுக்கச் சொன்னாள். கான்கிரீட் வந்தது, தாள் வந்தது. ஸ்க்ரூவைச் சுற்றி மரம் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. அவள் நகத்தால் அழுத்தினாள். நகம் பதிந்த இடத்தில் ஈரம் கசிந்து மினுங்கியது. ஊசியைக் குத்தினாள். கருவி காட்டிய எண்ணை எழுதி அடிக்கோடு போட்டாள்.

நனைவது மரத்துக்குப் புதிதில்லை. நனைந்ததைக் கான்கிரீட்டுக்குக் கீழே வைத்துப் பூட்டுவதுதான் ஆபத்து. உள்ளேயே ஊறி, பூஞ்சை பிடித்து, ஸ்க்ரூவின் பிடி தளர்ந்து, சில வருடம் கழித்து, அலமாரி நிறைந்த ஒரு நாளில். அந்த வாக்கியத்தை நான் முடிக்காமல் விட்டுவிடுவேன். அப்போதும் விட்டுவிட்டேன்.

மேஸ்திரி டீக்குப் போன நேரத்தில் மெதுவாகச் சொன்னேன். “வெட்டின இடத்த மூடிரலாம். ‘கூடுதல் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது, அடிப்பகுதி உலர்ந்த நிலையில் உள்ளது’ன்னு ஒரு வரி எழுதி வச்சிரு. பொய் கெடையாது. அடிப்பகுதி உலர்ந்துதான இருக்கு?”

“அப்பா, அந்த வரி எத்தன கிலோ தாங்கும்?”

நான் அவளை ஏமாற்றச் சொல்லவில்லை. அவளை ஒரு விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளாக மனதில் பார்த்துவிட்டேன். அந்தப் பெஞ்சுகள் எனக்குத் தெரியும். காற்றாடியின் காற்று வராத மூலையாகப் பார்த்துத்தான் போடுவார்கள்.

அவள் அங்கேயே நின்று அறக்கட்டளைச் செயலாளரைப் போனில் பிடித்தாள். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்கும்போது மட்டும் குரல் ஏறும். டீ குடித்துவிட்டு வந்த மேஸ்திரி படியிலேயே நின்றுவிட்டார். போனில் ஒலிபெருக்கி போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. நடந்ததை அவள் சொன்னாள்.

“யார் தப்பு இது?” என்றார் செயலாளர்.

மேஸ்திரி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“தளம் என் பொறுப்புல இருந்தது சார்” என்றாள்.

என் பணிக்காலம் முழுக்க எந்த அதிகாரியும் அந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, பார்த்துப் பழகுவதுதான்.

“இப்ப என்ன செய்யணுங்கிறீங்க?”

“நனைஞ்ச பகுதிக்கு மேல இருக்குற கான்கிரீட்ட ஒடச்சு எடுத்து, மரத்தக் காய வச்சு, திரும்பப் போடணும். எடை ஏத்திப் பாக்கணும். அதுக்கப்புறம்தான் அலமாரி.”

“ஒடைங்க. ஆனா ஒண்ணு. எடை வச்சுப் பாத்துட்டு நீங்க கையெழுத்து போடலன்னா இந்தக் கட்டடத்த நாங்க வாங்கிக்க மாட்டோம். போட்டீங்கன்னா, பின்னால எது நடந்தாலும் உங்களத்தான் கேப்போம்.”

“சரிங்க சார்.”

இந்தச் ‘சரி’ வேறு ரகம்.

உடைக்கும் வேலையை மேஸ்திரி வேறு யாருக்கும் விடவில்லை. அதிலும் ஒரு கொடுமை இருந்தது. பண்டிகை நாளிலும் கவனம் குறையாமல் தண்ணீர் குடித்து வளர்ந்த கான்கிரீட் அது. என் பணிக்காலத்தில் அவ்வளவு உறுதியான கான்கிரீட்டை நான் வாங்கியதில்லை. சின்ன இயந்திரத்தால் ஓரம் ஓரமாகக் கொத்த வேண்டியிருந்தது. கொஞ்சம் ஆழம் போனாலும் மரம் காயப்படும். அவர் கொத்தினார், வியர்த்தார், உட்கார்ந்தார், மறுபடி கொத்தினார்.

“நல்லா வளத்துட்டேன் சார்” என்றார் ஒருமுறை. சிரிக்கத்தான் சொன்னார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு காத்திருந்தோம். காத்திருப்பதற்கு அரசாங்கத்தில் எத்தனையோ நடைமுறை உண்டு. நினைவூட்டல் அனுப்பலாம், மறு நினைவூட்டல் அனுப்பலாம். மரத்துக்கு அனுப்ப முடியாது. மேலே தகரக் கொட்டகை, பக்கவாட்டில் மின்விசிறிகள், நடுவே திறந்து கிடக்கும் பழுப்பு மரம். காலையில் அவள் ஊசி குத்துவாள். எண் கொஞ்சம் இறங்கும். ஒரு தூணுக்குப் பக்கத்தில் மட்டும் இறங்காது. மாசியில் ஒருநாள் வாலிகண்டபுரம் பக்கத்திலிருந்து மேகம் கறுத்து வந்தது. பருவமில்லாத மழை. தகரத்தின் மேல் விழுந்த ஒவ்வொரு துளியும் என் மண்டையில் விழுந்தது. கட்டடமும் சும்மா இருக்கவில்லை. கான்கிரீட் கட்டடம் பேசாது. மரம் பொழுது சாயும்போது எங்கிருந்தோ ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். வெயிலில் விரிந்தது சுருங்குகிறது என்று அவள் சொல்வாள். சரிதான். ஆனால் ஒவ்வொரு ‘டக்’குக்கும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன்.

அந்தத் தூணடியும் ஒருவழியாகக் காய்ந்தது. உடைத்த இடத்தில் புதிய கான்கிரீட் போட்டாள். விரிப்பைப் போட்டு மூடினாள். மேஸ்திரி பக்கத்தில் ஒரு கட்டையைப் போட்டு உட்கார்ந்து காவல் காத்தார், மற்றவர்கள் தண்ணீர் ஊற்றிவிடாமல்.

அது இறுகித் தேறிய பிறகு எடை ஏற்றும் நாள் வந்தது. எடைக்கு என்ன வைப்பது என்று அரியலூரில் யோசிக்க வேண்டியதில்லை. சிமெண்ட் மூட்டைகள் வந்தன. சிமெண்டைத் தவிர்க்கக் கட்டிய கட்டடத்தின் மேல் மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் ஏறியது. தளத்தின் அடியில், ஒரு சாரத்தின் மேல், தளம் எவ்வளவு இறங்குகிறது என்று காட்டும் முள் கடிகாரம். மூட்டைகள் ஒரு பகலும் இரவும் அப்படியே இருக்க வேண்டும். இறக்கியதும் தளம் பழைய இடத்துக்குப் போதுமான அளவு திரும்பி எழ வேண்டும். எழாவிட்டால் கையெழுத்து இல்லை.

மூட்டை மேலே இருக்கும்போதே அவள் முள்ளைப் படிக்க அடியில் போனாள்.

“எடை இருக்கும்போது அடியில ஆளு நிக்கக் கூடாது. விதி!” என்று கத்தினேன்.

“தளத்தத் தொடாம கீழ முட்டு நிக்குதுப்பா, விழுந்தா தாங்கும். விதிய நீங்க வெளிய நின்னு பாத்துக்கங்க.”

மறுநாள் காலையில் மூட்டைகளை இறக்கினார்கள். கடைசி மூட்டையை மேஸ்திரி தானே தூக்கிப்போனார். முள் நகர்ந்தது, பாதி தூரம் வந்து நின்றது. செயலாளர் வந்திருந்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். மேஸ்திரிக்குக் கொண்டுவந்த டீ ஆறி ஆடை கட்டியது.

“எந்திரிக்குமாம்மா?” என்றார் மேஸ்திரி. இந்த முறை கேலி இல்லை.

“நேரம் குடுக்கணும்ண்ணே.”

மதியச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. வெயில் இறங்கத் தொடங்கியபோது அவள் மறுபடி போய்ப் பார்த்தாள். கணக்குப் போட்டாள். இன்னொரு முறை போட்டாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நானும் போட்டேன். இருக்க வேண்டிய எல்லைக்குள் இருந்தது. மிகத் தாராளமாக அல்ல; ஆனால் உள்ளே.

செயலாளர் சான்றிதழை எடுத்து வைத்தார்.

“நாளைக்குப் போடேன்” என்றேன் மகளிடம். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை நாள் தளம் எழவேண்டுமே என்று பயந்தவன், எழுந்ததும் அவள் போடப்போகிறாளே என்று பயந்தேன்.

“நாளைக்கும் இதே தளம்தான்ப்பா.”

போட்டாள். பேனாவை மூடினாள். மேஸ்திரியைப் பார்த்து, “வாங்கண்ணே, மேல போலாம்” என்றாள். இருவரும் படியேறினார்கள். செயலாளரும் பின்னால் போனார். நான் போகவில்லை. கீழே, நாளை யாரோ மேசை போட்டு உட்காரப்போகும் இடத்தில், அண்ணாந்தபடி நின்றேன். மேலே மேஸ்திரி காலால் ஓங்கித் தட்டிப் பார்ப்பதும் அவள் ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது. பிறகு மூவரும் நடக்கத் தொடங்கினார்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. ஒவ்வோர் அடியாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.